குறைந்த விலை இன்லைன் மஸில்லோடர்: மருந்தும் குண்டும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், சாதாரண ரைஃபிள் சீசனோடு மஸில்லோடர் (மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி) சீசனும் இருப்பதை அறிந்ததும் சிவிஏ வுல்ஃப், டிரடிஷன்ஸ் பக்ஸ்டாக்கர் போன்ற ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். துப்பாக்கி வாங்குவது எளிது. அடுத்து என்ன வெடிமருந்து, எவ்வளவு, எந்தக் குண்டு என்பதில்தான் குழப்பம். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்கள் துப்பாக்கியோடு வந்த கையேடு இங்கே சொன்னதிலிருந்து மாறுபட்டால், கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

இன்லைன் என்றால் என்ன? விலை குறைவு என்றால் குறியும் மோசமாகத்தான் இருக்குமா?

பழைய மஸில்லோடரில் பொறி குழலின் பக்கவாட்டிலிருந்து மருந்துக்குப் போகும். இன்லைனில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) குழலுக்கு நேர் பின்னால், ஒரே கோட்டில் இருக்கும். டோனி நைட் 1985-இல் கொண்டுவந்த எம்கே-85 தான் இந்த வகையைப் பரவலாக்கியது. இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை .50 காலிபர், நடுவில் மடங்கித் திறப்பவை, 209 ஷாட்கன் பிரைமர் போடுபவை. குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்முறுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

விலை குறைந்ததில் நீங்கள் இழப்பவை டிரிகர் மென்மை, துருப்பிடிக்காத எஃகு, நீளமான குழல் போன்றவை. வுல்ஃபிலும் பக்ஸ்டாக்கரிலும் குழல் 24 அங்குலம்தான். ஆனால் 100 கஜத்தில் மானை மனிதாபிமானமாக வீழ்த்தும் அளவுக்கு இவை சுடும். சுடவில்லை என்று புகார் வரும்போது பெரும்பாலும் குற்றம் குழலில் இருப்பதில்லை. மருந்தும் பிரைமரும் குண்டும் ஒன்றோடொன்று பொருந்தாததில்தான் இருக்கிறது.

வீட்டில் புகையில்லா மருந்து இருக்கிறது. கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. கொஞ்சமாகவும் கூடாது, கலந்தும் கூடாது. சாதாரண ரைஃபிள் தோட்டாவில் போடும் ஸ்மோக்லெஸ் மருந்து தரும் அழுத்தத்தைத் தாங்க இந்தக் குழலும், அதன் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கும் செய்யப்படவில்லை. குழல் வெடித்தால் அது உங்கள் இடது கைக்கும் முகத்துக்கும் அருகில்தான் வெடிக்கும். ஸ்மோக்லெஸுக்கென்றே தயாரித்த சேவேஜ் 10எம்எல்-2 போன்ற விதிவிலக்குகள் வேறு கதை. உங்களிடம் இருப்பது அதுவல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாட்ஜ்டன் நிறுவனம் ஸ்மோக்லெஸ் மருந்தும் விற்கிறது, மஸில்லோடர் மருந்தும் விற்கிறது. டப்பாவில் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். மஸில்லோடருக்கு என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பெயர்ச்சீட்டு கிழிந்த டப்பா, யாரோ பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த மருந்து, இவை இரண்டையும் தொடாதீர்கள்.

உண்மையான கருமருந்து போடலாமா?

போடலாம், கையேடு அனுமதித்தால். ஆனால் அது சட்டப்படி வெடிபொருள் வகையில் வருவதால் கடைகளுக்குச் சேமித்து வைப்பது தலைவலி. பல ஊர்களில் அலமாரியிலேயே இருக்காது. கந்தகக் கசடும் அதிகம். பொறிக்கல் துப்பாக்கிக்கு அது தவிர வேறில்லை எனலாம். 209 பிரைமர் போடும் இன்லைனுக்கு மாற்று மருந்துகளே வசதி.

பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209: எதை வாங்குவது?

பைரோடெக்ஸ் 1970-களில் வந்தது. மூன்றிலும் பெரும்பாலும் விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது, எளிதில் பற்றிக்கொள்வது. ரைஃபிளுக்கு ஆர்எஸ் என்று குறித்த தூளை எடுங்கள். குறை என்னவென்றால் கசடு துருவை அழைக்கும். சுட்ட அன்றே கழுவ முடியாதவர் இதை வாங்க வேண்டாம்.

டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை. அழுகிய முட்டை வாடை வராது, வெறும் தண்ணீரிலேயே கசடு கரையும். அதே அளவுக்குக் கருமருந்தைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதல் வலு. ஆகவே கருமருந்துக்குச் சொன்ன அளவை அப்படியே இதற்குப் போடாமல் 15 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறார்கள். இதன் தனித் தொல்லை குழலுக்குள் உருவாகும் கசடு வளையம். அதைப் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது.

பிளாக்ஹார்ன் 209 விலை அதிகம். ஆனால் கசடு மிகக் குறைவு, ஈரத்தை உறிஞ்சாது, துடைக்காமலே அடுத்தடுத்துப் பல முறை சுடலாம். என் கருத்தைக் கேட்டால், துப்பாக்கியில் மிச்சம்பிடித்த பணத்தைப் போட ஏற்ற இடம் இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இது எளிதில் பற்றாது. வலுவான 209 பிரைமர் வேண்டும், அதற்கேற்ற பிரீச் பிளக் வேண்டும். சிவிஏ துப்பாக்கிகளுக்குப் பிளாக்ஹார்னுக்கென்றே தனி பிரீச் பிளக் விற்கிறார்கள். பெட்டியில் வந்த பிளக்கையே வைத்துக்கொண்டு இந்த மருந்தைப் போட்டுவிட்டு, டிரிகரை இழுத்ததும் 'டப்' என்று சத்தம், ஒரு நொடி கழித்து வெடி என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். குறை மருந்தில் இல்லை, பிளக்கில். 209-க்குப் பதிலாக நம்பர் 11 தொப்பி, மஸ்கெட் தொப்பி போன்ற பழைய வகைப் பற்றவைப்பான் போடும் துப்பாக்கிக்குப் பிளாக்ஹார்ன் ஆகவே ஆகாது.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பிளாக்ஹார்ன் 10 அவுன்ஸ் டப்பாவில் வருகிறது. ஒரு அவுன்ஸுக்கு 437.5 கிரெய்ன்; ஆக மொத்தம் 4,375 கிரெய்ன். கொள்ளளவில் 100 என்பது எடையில் சுமார் 70 கிரெய்ன் (ஏன் என்பது கீழே) என்பதால் ஒரு டப்பாவில் 62 வெடி வரை கிடைக்கும். 100 பெல்லட் (மாத்திரையாக இறுக்கிய மருந்து) கொண்ட பெட்டியில், வெடிக்கு இரண்டு வீதம், 50 வெடி. இப்படி வெடி ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால், அலமாரி முன் நின்று பார்க்கும்போது தெரியும் விலை வித்தியாசம் கணிசமாகச் சுருங்கிவிடும்.

தூளா, பெல்லட்டா?

பெல்லட் வசதியானது. 50 கிரெய்ன் மாத்திரை இரண்டைப் போட்டால் 100. குளிரில் விரல் மரத்துப்போன நேரத்தில் அளவுக்குழாயோடு மல்லாட வேண்டாம். ஆனால் 50, 100, 150 என்று தாவத்தான் முடியும். உங்கள் குழல் 85-இல் சிறப்பாகச் சுடக்கூடியதாக இருந்தால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பையில் உரசி விளிம்பு உதிர்ந்த பெல்லட் வெடிக்கு வெடி வேறுபடும். பைரோடெக்ஸ் பெல்லட்டின் ஒரு முனையில் கருமருந்துப் பூச்சு இருக்கும். அந்தக் கருத்த முனை பிரைமர் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் தாமதமாகப் பற்றும் அல்லது பற்றாது.

தூளையே பரிந்துரைப்பேன். வீட்டிலேயே அளந்து சிறு குப்பிகளில் மூடி எடுத்துப்போனால் களத்தில் பெல்லட்டைவிட அதிக நேரம் பிடிக்காது.

மருந்தை எடை போட வேண்டுமா, கொள்ளளவில் அளக்க வேண்டுமா?

இது புரியாமல் ஆபத்தில் சிக்குகிறவர்கள் உண்டு. மஸில்லோடர் உலகில் '100 கிரெய்ன்' என்றால் 100 கிரெய்ன் எடையுள்ள கருமருந்து பிடிக்கும் இடம். அது கொள்ளளவு. மாற்று மருந்துகள் கருமருந்தைவிட எடை குறைந்தவை. தராசில் 100 கிரெய்ன் பிளாக்ஹார்ன் நிறுத்தால் கொள்ளளவில் அது 140-ஐத் தாண்டிவிடும். அந்த மருந்துக்கு உச்ச வரம்பே கொள்ளளவில் 120 தான், எடையில் 84.

ஆகவே அளவு குறித்த குழாயில் அளப்பதுதான் எளிய வழி. எடை போட விரும்பினால் தயாரிப்பாளர் அந்த மருந்துக்குக் கொடுத்த எடை அட்டவணையை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு மருந்தின் எடைக் கணக்கை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

டப்பாவிலிருந்தோ பெரிய குப்பியிலிருந்தோ நேரடியாகக் குழலுக்குள் ஊற்றவும் கூடாது. உள்ளே கனல் துணுக்கு ஒன்று மிச்சமிருந்தால் கையில் இருக்கும் முழு டப்பாவும் பற்றும். முதலில் அளவுக்குழாய், பிறகு குழல்.

துப்பாக்கிப் பெட்டியில் 150 கிரெய்ன் மேக்னம் என்று போட்டிருக்கிறதே. அதையே போட்டால் என்ன?

தாங்கும் என்பதற்கும் தேவை என்பதற்கும் தொலைவு அதிகம். அந்த 150-உம் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. பிளாக்ஹார்னுக்கு 120 என்று மேலே பார்த்தோம். டிரிபிள் செவன் 50 கிரெய்ன் பெல்லட்டில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. பழைய துப்பாக்கியைக் கைமாற்றி வாங்கியிருந்தால் அதன் வரம்பு இன்னும் குறைவாக இருக்கலாம். துப்பாக்கியின் வரம்பு, மருந்தின் வரம்பு, குண்டின் வரம்பு, இந்த மூன்றில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

24 அங்குலக் குழலில் மூன்றாவது பெல்லட்டின் ஒரு பகுதி குழலை விட்டு வெளியே போன பிறகுதான் எரிகிறது. வேகம் கொஞ்சம்தான் கூடும். உதையோ மிகவும் கூடும். 6 பவுண்டுக்குச் சற்று மேல் எடையுள்ள வுல்ஃப் போன்ற இலேசான துப்பாக்கியில் 150 போட்டுச் சுட்டால், மூன்றாவது வெடியிலேயே உடம்பு தானாகச் சுருங்கத் தொடங்கும். டிரிகரை இழுக்கும் முன்பே கண் மூடும். குறி அங்கேதான் போகிறது.

250 கிரெய்ன் குண்டு, 100 கிரெய்ன் அளவு டிரிபிள் செவன் என்றால் வேகம் நொடிக்கு 1,800 அடிக்கு மேல் வரும். குழல் வாயில் ஆற்றல் 1,800 அடி-பவுண்டுக்கும் குறையாது. வெள்ளைவால் மானுக்கு 100, 125 கஜத்தில் அதைவிட எதுவும் வேண்டாம். 80-இல் தொடங்குங்கள், 100-இல் நிறுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எந்த 209 பிரைமர்?

பிளாக்ஹார்னுக்கு சிசிஐ 209எம், ஃபெடரல் 209ஏ போன்ற சூடானவை. டிரிபிள் செவனுக்கு நேர்மாறாக மென்மையான பிரைமர் நல்லது. வின்செஸ்டர் இதற்கென்றே டிரிபிள் செவன் 209 என்று ஒன்று செய்தது. கசடு வளையத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். பைரோடெக்ஸுக்குச் சாதாரண 209 எதுவும் போதும். பிரைமரை மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறலாம். சீசனுக்கு முந்தைய நாள் வேறு பெட்டி வாங்கிப் போட்டுவிட்டுக் காட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

குண்டு வகைகளில் எது எதற்கு?

மூன்று குடும்பங்களாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

முதலாவது சேபோ குண்டு. .44 அல்லது .45 கைத்துப்பாக்கிக் குண்டு அளவுள்ள ஒன்றைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து .50 குழலில் இறக்குவது. சுட்டதும் கிண்ணம் இதழ் விரித்துப் பிரிந்து விழும், குண்டு மட்டும் போகும். ஹார்னடி எஸ்எஸ்டி, எக்ஸ்டிபி, பார்ன்ஸ் எக்ஸ்பாண்டர் போன்றவை இந்த வகை. 28 அங்குல முறுக்குக்கு இவை மிகப் பொருத்தம்.

இரண்டாவது பவர்பெல்ட் போல, முழு விட்டமும் குண்டாகவே இருந்து அடியில் மட்டும் பிளாஸ்டிக் பாவாடை கொண்டது. கெட்டிக்க மிக எளிது. கசடு பிடித்த குழலிலும் இறங்கும். ஆனால் இது செம்புப் பூச்சுள்ள மென்மையான ஈயம். மிதமான மருந்தில் நன்றாக வேலை செய்யும். 150 கிரெய்னோடு 30 கஜத்தில் தோள் எலும்பில் பட்டால் உடைந்து சிதறி ஆழம் போகாமல் நின்றுவிடக்கூடும். இதைப் போடுகிறவர்கள் கட்டாயம் 100-க்குள் நிற்க வேண்டும்.

மூன்றாவது, எந்தப் பிளாஸ்டிக்கும் இல்லாத கனமான ஈயக் கூம்புக் குண்டு. 350 முதல் 450-க்கு மேலும் கிரெய்ன் எடையுள்ளது. வேகம் குறைவு, ஆழம் அதிகம், உதையும் அதிகம். சேபோவைத் தடை செய்யும் மாநிலங்களில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறவர்கள் இதைத்தான் நாடுகிறார்கள். பிளாக்ஹார்ன் சீராக எரியக் குண்டு இறுக்கமாக இருந்து அழுத்தம் ஏற வேண்டும் என்பதால், தளர்வாக இறங்கும் ஈயக் குண்டோடு அது சில சமயம் தடுமாறும்.

பெட்டிக்குப் பெட்டி சேபோ இறுக்கம் மாறுகிறதே. எது சரி?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பேன். .50 என்று எழுதியிருந்தாலும் குழலின் உள்விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் நூலளவு வேறுபடுகிறது. சேபோக்களும் அப்படியே. ஒருவர் குழலில் சீராகப் போகும் சேபோ இன்னொருவர் குழலில் சுத்தியால் அடித்தாலும் போகாது. அவருக்கு நன்றாகச் சுட்டது என்பதற்காக நீங்களும் அதையே நாலு பெட்டி வாங்க வேண்டாம்.

துப்பாக்கி காலியாக இருப்பதை ராம்ராட் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் நீளக் கம்பி) விட்டு உறுதி செய்யுங்கள். பிரீச் பிளக்கைக் கழற்றுங்கள். குழல் வாயில் சேபோவையும் குண்டையும் வைத்து, முதல் ஓரிரு அங்குலத்துக்குக் குட்டைக் கம்பியால் இறக்கி, பிறகு ராம்ராடால் ஒரே சீராகத் தள்ளிப் பின்பக்கமாக வெளியே எடுங்கள். மருந்து எதுவும் வேண்டாம். உள்ளங்கையால் உறுதியாக அழுத்தினால் தயங்காமல் நகர வேண்டும். முழு உடல் எடையையும் போட வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். கம்பியின் எடைக்கே சரிந்தால் தளர்வு; அது மருந்திலிருந்து நகர்ந்து வரும் அபாயம் உண்டு. வெளியே வந்த சேபோவின் மேல் உள்முறுக்கின் தடம் எல்லாப் பக்கமும் மெலிதாகப் பதிந்திருப்பது நல்ல அறிகுறி. இறுக்கமாக இருந்தால், பரப்பில் வரிகள் எழுப்பிய ஹார்வெஸ்டர் கிரஷ் ரிப் போன்ற சேபோவைப் போட்டுப் பாருங்கள், எளிதாக இறங்கும்.

சுட்ட பின் குழல் வாய்க்கு முன்னால் தரையில் கிடக்கும் சேபோக்களைப் பொறுக்கிப் பாருங்கள். இதழ்கள் ஒரே அளவில் பின்னால் மடங்கி, அடிப்பாகம் முழுதாக இருந்தால் எல்லாம் சரி. ஒரு இதழ் பிய்ந்திருந்தாலோ அடிப்பாகம் கருகி ஓட்டை விழுந்திருந்தாலோ, மருந்து அதிகம், அல்லது வாயு பக்கவாட்டில் தப்புகிறது, அல்லது சூடான குழலில் பிளாஸ்டிக் இளகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் துண்டு சொல்லும் அளவுக்கு இலக்குத் தாளில் இருக்கும் துளைகள்கூடச் சொல்வதில்லை.

குண்டு எடை எவ்வளவு?

மானுக்கு 250 கிரெய்ன் சேபோவில் தொடங்குங்கள். பெரிய விலங்கு, பெரிய எலும்பு என்றால் 300. இலேசான 200 கிரெய்ன் குண்டுகள் வேகமாகப் போனாலும் காற்றில் சீக்கிரம் தளரும். கைத்துப்பாக்கிக் குண்டைத் தனியாக வாங்கி சேபோவில் போட்டால் செலவு குறையும். அப்போது அந்தக் குண்டு எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டது என்று பாருங்கள். .45 கோல்ட்டுக்கான குண்டும், அதே விட்டத்தில் .454 கசுலுக்கான தடித்த உறை கொண்ட எக்ஸ்டிபி மேக் குண்டும் அருகருகே இருக்கும். விரிவடையும் வேகம் வேறு.

உருண்டை ஈயக் குண்டு மலிவு. அதைப் போடலாமா?

உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கு வேண்டும். 48 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 28 முறுக்கில் மிகக் குறைந்த மருந்தில் மட்டும் சுமாராகப் போகும். வேட்டைக்கு வேண்டாம்.

எல்லா மாநிலத்திலும் இவற்றைப் பயன்படுத்தலாமா?

இல்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டியதே இதைத்தான். கொலராடோவின் மஸில்லோடர் சீசனில் பெல்லட் கூடாது, சேபோ கூடாது, ஸ்கோப் கூடாது. தூள் மருந்தும் முழு விட்டக் குண்டும்தான். மானுக்கு .40, எல்க்குக்கும் மூஸுக்கும் .50 குறைந்தபட்சம். ஐடஹோவின் மஸில்லோடர் மட்டுமான வேட்டைகளில் 209 பிரைமரே கூடாது. அங்கே சாதாரண இன்லைன் பயன்படாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய சீசன் பொறிக்கல் துப்பாக்கிக்கு உரியது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டு எதுவும் கூடாது. செம்பு போன்ற ஈயமில்லாத குண்டு மட்டுமே.

கூட்டாட்சிச் சட்டத்தில் பெரும்பாலான மஸில்லோடர்கள் சாதாரணத் துப்பாக்கி வரையறைக்குள் வருவதில்லை என்பதை வைத்து எல்லாருக்கும் எங்கும் சுதந்திரம் என்று நினைக்க வேண்டாம். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். விதிகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால், இந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை மாநில வனவிலங்குத் துறைத் தளத்தில் பாருங்கள். மற்ற நாடுகளில் சட்டமே வேறு.

ரேஞ்சில் சரியான கூட்டணியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு மருந்து, ஒரு பிரைமர், ஒரு குண்டு என்று வைத்துக்கொண்டு 80-இல் மூன்று வெடி, 90-இல் மூன்று, 100-இல் மூன்று. எது நெருக்கமாக விழுகிறதோ அதன் இருபுறமும் 5 கிரெய்ன் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மூன்றும் சிதறினால் அப்போது குண்டை மாற்றுங்கள், மருந்தை அல்ல.

முதல் வெடிக்கு முன் குழலில் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்து, மருந்தில்லாமல் ஓரிரு பிரைமர் சுட்டுப் பிளக்கின் வழியை உலர்த்துங்கள். பைரோடெக்ஸோ டிரிபிள் செவனோ என்றால் ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஒரு ஈரத் துணி, ஒரு உலர்ந்த துணி. குழல் தொட்டால் சுடுகிறது என்றால் ஆறவிடுங்கள். குண்டை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் மருந்தின் மேல் உட்கார வையுங்கள். பெல்லட்டை நொறுங்கும்படி குத்தாதீர்கள்.

ராம்ராடில் இரண்டு கோடுகள் போடுங்கள்: காலிக் குழலில் எங்கே நிற்கிறது, கெட்டித்த குழலில் எங்கே நிற்கிறது. குண்டுக்கும் மருந்துக்கும் இடையே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கிப் பழுதாகலாம், வெடிக்கவும் கூடும். இரண்டாவது கோடு தெரிய வேண்டிய இடத்தில் தெரியவில்லையென்றால் சுடாதீர்கள்.

100 கஜத்தில் குறியைவிட 2 அங்குலம் மேலே விழும்படி வைத்தால், 250 கிரெய்ன் குண்டு 150 கஜத்தில் சில அங்குலம் கீழே விழும். அதற்கு மேல் சரிவு வேகமாகக் கூடும்.

இரண்டாவது குண்டு பாதியில் நிற்கிறது. என்ன ஆனது?

டிரிபிள் செவன் போட்டிருந்தால், கசடு வளையம். முதல் வெடியின்போது குண்டு உட்கார்ந்திருந்த இடத்தை ஒட்டிக் கண்ணாடி போல் கடினமான ஒரு வளையம் படிகிறது. ராம்ராட் வழுவழுப்பாக இறங்கி வந்து, கடைசி ஓரிரு அங்குலத்தில் 'கரக்' என்று முட்டி நிற்பது கையில் தெரியும். புதியவர்கள் குண்டு மருந்தைத் தொட்டுவிட்டது என்று நினைத்து அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன இடைவெளி அபாயம் இதுதான். கோடு போட்ட ராம்ராட் உங்களைக் காப்பாற்றும் இடமும் இதுதான். ஈரத் துணியை அந்த இடத்தில் இரண்டு மூன்று முறை குட்டையாக மேலும் கீழும் ஓட்டினால் வளையம் கரையும். மென்மையான பிரைமருக்கு மாறினால் வளையமே குறையும்.

சுத்தம் செய்வது?

பைரோடெக்ஸும் டிரிபிள் செவனும் வெந்நீரும் சோப்பும் கேட்கும். உலர்த்தி, பிறகு எண்ணெய். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் பயன்படாது. ஹாப்பீஸ் நம்பர் 9 போன்ற சாதாரணத் துப்பாக்கிக் கரைப்பான் வேண்டும். பிளாக்ஹார்ன் பிளக்கின் உள்வழியில் படியும் கரியைக் கரைப்பான் தனியாக எடுக்காது. எட்டில் ஒரு அங்குலத் துளைமுள்ளை (டிரில் பிட்) கையால் மட்டும் மெல்லத் திருப்பிச் சுரண்டுங்கள். நுனியில் இருக்கும் பொறித் துளையை அது தொடக் கூடாது. பிளக் மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவாமல் மாட்டினால் அடுத்த முறை கழலாது.

டிரிகரை இழுத்தேன், வெடிக்கவில்லை. இப்போது?

குழலை இலக்கு நோக்கியே பிடித்திருங்கள். குறைந்தது ஒரு முழு நிமிடம் காத்திருங்கள், தாமதமாகப் பற்றலாம். பிறகு புதுப் பிரைமர் போட்டு மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று முறையும் ஆகவில்லையென்றால், இன்னொரு நிமிடம் காத்திருந்து பிரைமரை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் முறையில் மருந்தையும் குண்டையும் வெளியேற்றுங்கள். மடக்கித் திறந்து குழலுக்குள் எட்டிப் பார்ப்பதோ, முகத்தைக் குழல் வாய்க்கு நேராகக் கொண்டுபோவதோ எந்த நிலையிலும் கூடாது. பெரும்பாலும் காரணம் எண்ணெயோ ஈரமோதான்.

மாலைவரை சுட வாய்ப்பே வரவில்லை. கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பல மாநிலங்களில் பிரைமரை எடுத்துவிட்டாலே காலித் துப்பாக்கியாகக் கருதுகிறார்கள். எல்லா மாநிலத்திலும் அப்படியல்ல. பாதுகாப்பான மண்மேட்டில் சுட அனுமதி இருந்தால் சுட்டுவிடலாம். இல்லையென்றால் பிரைமரை எடுத்து, பிரீச் பிளக்கைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் பின்பக்கமாகத் தள்ளி எடுங்கள். எடுத்த மருந்தை மறுபடி டப்பாவில் கொட்டாதீர்கள். கடுங்குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கெட்டித்தபடியே கொண்டுவந்தால் குழலுக்குள் வியர்த்து மருந்து நனையும். மறுநாள் காலையில் மான் வந்து நிற்கும்போது பிரைமர் மட்டும்தான் வெடிக்கும்.